ஏற்றமான நீண்ட ஒழுங்கையில் பனி அகற்றுவது எப்படி? அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

கொக்கட்டிச்சோலையான் | ஒக்டோபர் 4

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஜோர்ஜியன் விரிகுடாவுக்குத் தெற்கே உள்ள மேட்டுப் பகுதியில், என் அக்காவும் அத்தானும் சென்ற வைகாசியில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். அதற்கு முன் இருபது வருடங்களாக ரொறன்ரோவில் அடுக்குமாடியில் இருந்தவர்கள் என்பதால், வாசலில் விழும் பனியைத் தாமே அகற்ற வேண்டிய தேவை அவர்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இப்போதைய வீடு குன்றின் தலையில் இருக்கிறது. பிரதான வீதியிலிருந்து வாசல் வரை 180 மீற்றர் நீளமும் மூன்றரை மீற்றர் அகலமும் கொண்ட கிறவல் (சரளைக்கல்) ஒழுங்கை. அதன் அடிக்கும் தலைக்கும் 22 மீற்றர் உயர வித்தியாசம். நடுவில் ஒரு வளைவும் உண்டு.

ஆவணி மாதத்தில் அத்தானுக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே பெரும்போக வேளாண்மையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நவம்பர் நடுப்பகுதியில் நான் அங்கே போய், பங்குனி முடியும்வரை அந்த ஒழுங்கையைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். மட்டக்களப்பின் படுவான்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு வெள்ளமும் சேறும் தெரியும். பனியைக் கண்ணால் கண்டதில்லை. இவ்வளவு ஏற்றமான ஒழுங்கையும் நம் பக்கத்தில் இல்லை. நள்ளிரவில் அம்புலன்ஸ் வரவேண்டி நேர்ந்தால் அது தடையின்றி மேலே ஏற வேண்டும் என்பதே என் முதல் கவலை. எதை வாங்குவது, எப்போது தொடங்குவது, எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லடிவாசி | ஒக்டோபர் 4

தம்பி, நான் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் 24 வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். முதலில் கணக்கைப் பாருங்கள். 180 மீற்றரை மூன்றரையால் பெருக்கினால் 630 சதுர மீற்றர். ஒரே இரவில் 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால், அது 126 கன மீற்றர். புதிதாக விழுந்த இலேசான பனி ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 12,600 கிலோ. அதாவது 50 கிலோ சீமெந்துப் பைகள் 252. ஈரப் பனியாக இருந்தால் அது மும்மடங்காகும். இதைச் சவளால் அள்ளலாம் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். சவள் வாசற்படிக்கும் வாகனத்தைச் சுற்றியுள்ள இடத்துக்கும் மட்டுமே.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிக்கப் வாகனத்தின் முன்னால் தகடு பூட்டிப் பனி தள்ளுகிறவர் ஒருவரோடு பருவம் முழுமைக்கும் பேசிக்கொள்வது. அங்குள்ளவர்கள் ஒக்டோபர் மாதத்திலேயே பேசி முடித்துவிடுவார்கள். முதற்பனி விழுந்த பிறகு தேடினால் ஆள் கிடைப்பது கடினம். மற்றது, சொந்தமாக ஒரு பனி வீசும் இயந்திரம் வாங்குவது. உங்கள் ஒழுங்கை கிறவல் என்பதால் ஒற்றைக்கட்ட இயந்திரம் உதவாது. அதன் சுழலும் தட்டு நிலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும், கல்லையும் சேர்த்து வாரி எறியும். இரட்டைக்கட்ட இயந்திரத்தில் முன்னால் உள்ள திருகு பனியை உள்ளே இழுக்க, பின்னால் உள்ள விசிறி அதைக் குழாய் வழியே வீசும். அதன் இரு பக்கமும் உள்ள சறுக்குத் தகடுகளை இறக்கிப் பூட்டி, வாய் நிலத்திலிருந்து இரண்டரை சென்ரிமீற்றராவது உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். முதல் ஒன்றிரண்டு பனியை அடியோடு வழிக்காமல், வாகனம் ஏறி இறங்கி இறுகிப்போக விட்டால், கிறவலுக்கு மேல் ஒரு கெட்டியான தளம் உருவாகும். அதன் பிறகு கல் கிளம்புவது வெகுவாகக் குறைந்துவிடும்.

இயன்றால் இரண்டு வழிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும் பனிநாளில் தள்ளுகிறவர் இருபது வீடு முடித்துத்தான் உங்களிடம் வருவார். அத்தானின் நிலையில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது.

களுதாவளை_வடதுருவம் | ஒக்டோபர் 5

நான் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன். எங்கள் வீடும் ஏற்றத்தில்தான் இருந்தது. கல்லடி அண்ணன் சொன்னவற்றோடு சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நிலம் உறைந்து இறுகுவதற்கு முன்பே ஒழுங்கையின் இரு ஓரங்களிலும் கம்பு நட்டுவிட வேண்டும். நோர்வேயில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வீதியோரம் முழுவதும் இப்படிக் கம்பு நடுவார்கள். ஐந்து மீற்றருக்கு ஒன்று போதும். வளைவில் இன்னும் நெருக்கமாக நடுங்கள். இரவில் விளக்கு பட்டால் மின்னும் நாடாவைத் தலைப்பில் ஒட்டுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் நம் பக்கத்துச் சில ஒழுங்கைகளில் வாய்க்கால் எது, பாதை எது என்று தெரியாமல் இரு ஓரமும் கம்பு நட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதே வேலைதான், தண்ணீருக்குப் பதிலாகப் பனி.

இரண்டாவது, பனி நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது. எட்டு சென்ரிமீற்றர் விழுந்ததும் ஒருமுறை, பிறகு மீண்டும் ஒருமுறை என்று போய்வர வேண்டும். முழுவதும் விழுந்து முடிந்து, அதன்மேல் வாகனமும் ஏறி இறங்கி, இரவில் உறைந்துவிட்டால், இயந்திரம் அதன்மேல் ஏறி நிற்குமே தவிர உள்ளே போகாது.

மூன்றாவது, பருவத்தின் முதற் பனியிலேயே தேவைக்கு மேல் அகலமாகத் தள்ளிவையுங்கள். ஓரத்தில் குவிந்த பனி கல்லாக உறையும். அடுத்த தடவை அதற்கு உட்புறமாகத்தான் குவிக்க முடியும். இப்படியே மாசி மாதம் வரும்போது மூன்றரை மீற்றர் ஒழுங்கை இரண்டு மீற்றராகிவிடும். அம்புலன்ஸ் ஏற வேண்டும் என்றீர்களே, அதற்காகவே சொல்கிறேன்.

வாழைச்சேனை_பட்டறை | ஒக்டோபர் 6

நான் பனி பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருடமாக லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் பழுது பார்க்கிறேன்; வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் காட்டிய பனி வீசும் இயந்திரத்தின் கையேட்டை முழுவதும் படித்தும் இருக்கிறேன். பிடியில் இரண்டு நெம்புகள் இருக்கும்: ஒன்று சக்கரத்துக்கு, மற்றது திருகுக்கு. கையை எடுத்தால் இரண்டும் நிற்க வேண்டும். அவற்றைக் கம்பியால் கட்டி வைத்து ஓட்டுகிறவர்களைப் போல் நீங்கள் ஒருநாளும் செய்யக் கூடாது. ஏற்றத்தில் நேராக ஏறி நேராக இறங்கி ஓட்டுங்கள். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் இயந்திரம் பக்கவாட்டில் வழுகும். திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். ஆகவே வளைவில் சமமான இடம் பார்த்துத் திருப்புங்கள்.

திருகு அதன் தண்டோடு சிறிய ஆணிகளால் இணைக்கப்பட்டிருக்கும். கல்லோ உறைந்த கட்டியோ அகப்பட்டால் அந்த ஆணி உடைந்து பல்லிணைப் பெட்டியைக் காப்பாற்றும். உடைவதற்காகவே செய்யப்பட்ட ஆணி அது. அடிக்கடி உடைகிறதே என்று அந்த இடத்தில் கெட்டியான போல்ட் ஒன்றைப் போட்டால், அடுத்த கல்லுக்குப் பெட்டியே போய்விடும். கிறவல் ஒழுங்கைக்கு ஒரு டசின் ஆணியாவது கையிருப்பில் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வீசும் குழாயில் ஈரப் பனி அடைத்துக்கொண்டால் அதற்குள் கையை விடாதீர்கள். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் விடாதீர்கள். திருகு அடைபட்டு நிற்கும்போது பட்டியில் இழுவிசை தேங்கி நிற்கும். அடைப்பு விலகியதும் அது சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றும். அந்த ஒரு சுற்று விரல்களைக் கொண்டுபோகப் போதும். தடியால் மட்டுமே குத்தி எடுக்க வேண்டும். நெல் அடிக்கும் இயந்திரத்தில் கை கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன், தம்பி. இதை அத்தானுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

திருக்கோவில்_தாதி | ஒக்டோபர் 6

அத்தான் பாரம் தூக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சவளைத் தொடவே கூடாது என்று நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கையால் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவோம். இரத்த அழுத்தம் திடீரென ஏறும். இரண்டும் ஒன்றாகச் சேரும் வேலை பனி அள்ளுவது. கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடியதைக் காட்டியிருக்கிறது. நீங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்க அவருக்கு மனம் வராது. நம் ஆண்கள் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே வெளி வேலை எதற்கும் அவர் வர வேண்டியதில்லை என்பதை, போன முதல்நாளே அக்காவின் முன்னிலையில் பேசி முடித்துவிடுங்கள்.

நீங்களும் குளிருக்குப் பழகாதவர். பருத்தி உடுப்பு வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடலைக் குளிரச் செய்யும். உள்ளே கம்பளி நூல் உடுப்பும், மேலே காற்றுப் புகாத சட்டையும் போடுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி என்றால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கராஜின் கதவை மூடிக்கொண்டு இயந்திரத்தை முடுக்கக் கூடாது. அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

உன்னிச்சை_வேளாண்மை | ஒக்டோபர் 8

எல்லோரும் பனியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பனி கடைசியில் தண்ணீர்தானே? 126 கன மீற்றர் பனி, 12,600 கிலோ என்றால், அது 12,600 லீற்றர் தண்ணீர். ஓர் இரவில் விழுவது இவ்வளவு. நான்கு மாதம் முழுவதும் ஓரத்தில் குவித்துவைத்தால் அங்கே ஒரு சிறு குளம் நிற்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன். அந்தக் குளம் உடைக்கும்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

கொக்கட்டிச்சோலைத் தம்பியிடம் கேட்கிறேன்: ஒழுங்கையின் இரு பக்கமும் ஒரே மட்டமா? குன்றில் வெட்டிய பாதை என்றால் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாகத்தான் இருக்கும். மேட்டுப் பக்கத்தில் குவித்தால், பகல் வெயிலில் உருகும் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே வழிந்து இரவில் உறையாதா? பள்ளப் பக்கத்தில் குவித்தால் அப்படியே கீழே இறங்கிவிடும் அல்லவா? பாதைக்குக் குறுக்கே மதகு இருக்கிறதா? இருந்தால் அதன் வாய் எங்கே என்று பனி விழுமுன் ஓர் உயரமான கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். நான் சொல்வது பிழையாக இருந்தால் அனுபவம் உள்ளவர்கள் திருத்தலாம்.

கல்லடிவாசி | ஒக்டோபர் 8

திருத்த எதுவும் இல்லை. 24 வருடத்தில் நான் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டது பனியில் அல்ல. மேட்டுப் பக்கக் குவியல் உருகி ஓடி மீண்டும் உறைந்த கண்ணாடி போன்ற ஐஸில்தான். அதன் காரணத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. தம்பி, குழாயின் வாயைப் பள்ளப் பக்கத்துக்கே திருப்புங்கள். காற்று எதிராக அடித்து, பனி முகத்தில் வந்து விழும் நாட்களில் மட்டும் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் வாடைக்காற்று வங்கக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மட்டக்களப்பில் மழையாகக் கொட்டுவது போல, அங்கே வடமேற்கிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று இன்னும் உறையாத ஹூரன் ஏரியின்மீதும் ஜோர்ஜியன் விரிகுடாவின்மீதும் கடந்து, ஈரத்தை அள்ளி, கரையைத் தாண்டிய மேட்டு நிலத்தில் பனியாகக் கொட்டும். ஏரி உறைந்த பிறகு இது குறையும். ஆகவே டிசம்பரும் ஜனவரியும்தான் உங்களுக்குக் கடினமான காலம். ஒழுங்கையின் மேற்குப் பக்கம் திறந்த வயலாக இருந்தால், விழுந்த பனியையே காற்று மீண்டும் இழுத்து வந்து நிரப்பும். அதற்குப் பாதி இடைவெளி விட்ட பலகை வேலி ஒன்றைக் காற்று வரும் பக்கத்தில் அடைப்பார்கள். வேலியின் உயரத்தைப் போல் 35 மடங்கு தூரம் பாதையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், 1.2 மீற்றர் வேலிக்கு 42 மீற்றர். கிட்ட அடைத்தால் வேலி நிறுத்தும் பனி முழுவதும் ஒழுங்கையிலேயே இறங்கிவிடும்.

கொக்கட்டிச்சோலையான் | ஒக்டோபர் 9

அக்காவிடம் விசாரித்தேன். மேற்குப் பக்கம் சவுக்கம் போன்ற ஊசியிலை மரங்கள் வரிசையாக நிற்கின்றனவாம். வேலி தேவைப்படாது என்று நினைக்கிறேன். உன்னிச்சை அண்ணன் சொன்னபடியே கிழக்குப் பக்கம் பள்ளம். வளைவுக்குக் கீழே ஒரு மதகும் உண்டு. பனி தள்ளுகிறவர் ஒருவரையும் பேசி வைத்துவிட்டார்கள். உப்புத் தூவலாமா என்று அத்தான் கேட்கிறார். வீட்டுக்குக் குடிநீர் கிணற்றிலிருந்துதான்.

களுதாவளை_வடதுருவம் | ஒக்டோபர் 9

கிணறு இருக்கும் வளவில், அதுவும் கிறவலில், உப்பைத் தவிர்ப்பதே நல்லது. உருகிய உப்புநீர் நேரே மண்ணுக்குள் இறங்கும்; கிறவலின் அடித்தளமும் இளகிப்போகும். அதோடு சாதாரண உப்பு மறை 10 பாகை அளவுக்குக் கீழே போனால் மிக மெதுவாகவே வேலை செய்யும். உங்களுக்கு வேண்டியது உருக்குவதல்ல, பிடிப்பு. பருமணலைத் தூவுங்கள். மணலை உலர்ந்த இடத்தில் மூடி வையுங்கள். ஈரமானால் அதுவே பாறையாக உறைந்துவிடும். ஒழுங்கையின் நடுவில் ஒரு பீப்பாயும் அடியில் ஒன்றும் வைத்தால், வாகனம் வழுக்கும் இடத்திலேயே அள்ளித் தூவலாம்.

வாகனத்துக்குக் குளிர்கால டயர் கட்டாயம். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் இறப்பர் விறைக்கத் தொடங்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வாகனம் ஏற உதவும். இறங்கும்போது நிறுத்த உதவாது. பெரும் பனி வருகிறது என்று அறிவித்தால் வாகனத்தை முதல்நாளே இறக்கி, வீதிக்கு வராமல், ஒழுங்கையின் அடியில் உங்கள் நிலத்துக்குள் நிறுத்தி வையுங்கள்.

கல்லடிவாசி | ஒக்டோபர் 10

ஒழுங்கையின் வாயில் ஒரு விடயம் மிச்சம். வீதியைத் துப்புரவாக்கும் பெரிய வாகனம் போகும்போது உங்கள் வாசலை மூடிப் பனி வரம்பு ஒன்றைக் கட்டிவிட்டுப் போகும். ஒழுங்கைக்குள் விழுந்த பனியைவிட இது பாரமும் இறுக்கமும் கூடியது. அங்கே வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன. ஆகவே நீங்கள் வீதியைப் பார்த்து நின்றால் அது இடப்பக்கமிருந்து வரும். வாசலுக்கு இடப்பக்கம் வீதியோரத்தில் சில மீற்றருக்குப் பனியை வழித்து வெற்றிடம் ஒன்று செய்து, வழித்ததை வலப்பக்கம் குவித்தால், அது தள்ளிவரும் பனியில் பெரும்பகுதி அந்த வெற்றிடத்திலேயே கழிந்துவிடும். வீதிக்குக் குறுக்கே மறுபக்கம் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம்; ஒன்ராறியோவில் அது சட்டத்துக்கு மாறானது.

கொக்கட்டிச்சோலையான் | ஜனவரி 19

எல்லோருக்கும் அங்கிருந்து எழுதுகிறேன். 64 கம்புகள் நட்டேன். டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று தடவை பெரும் பனி. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி மேலிருந்து கீழே ஒரு தடவை, பிறகு ஏறி வரும்போது ஒரு தடவை என்று ஓட்டினால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிறது. இறக்கத்தில் இயந்திரம் பனியை நன்றாகக் கடிக்கிறது. ஏற்றத்தில் மூக்கைத் தூக்குகிறது. ஐந்து ஆணிகள் இதுவரை உடைந்தன; பல்லிணைப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு தவறு நடந்தது. தள்ளுகிறவர் வந்த ஒருநாள் நான் தூங்கிவிட்டேன். வளைவில் அவர் தமக்கு வசதியான மேட்டுப் பக்கத்திலேயே தள்ளிவிட்டுப் போயிருந்தார். நான்கு நாள் கழித்து வெயில் வந்தது. மறுநாள் காலையில் வளைவு முழுவதும் கண்ணாடி. அக்காவின் வாகனம் பக்கவாட்டில் வழுகிக் கம்புகள் மூன்றை முறித்துக்கொண்டு, மணற் பீப்பாயில் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. அந்தக் குவியலைக் கடப்பாரையால் உடைத்துப் பள்ளப் பக்கம் மாற்ற எனக்கு இரண்டு நாள் ஆனது. அடுத்த தடவை அவர் வந்தபோது வாசலில் காத்திருந்து, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைக் கூடவே நடந்து காட்டினேன். அவர் மனங்கோணாமல் கேட்டுக்கொண்டார்.

திருக்கோவில்_தாதி | ஜனவரி 20

அத்தான் எப்படி இருக்கிறார்?

கொக்கட்டிச்சோலையான் | ஜனவரி 20

நலம், அக்கா. சவளைக் கராஜில் பூட்டித் திறப்பை அக்கா வைத்திருக்கிறார். வானிலை அறிவிப்பைக் கேட்டு என்னை எழுப்பிவிடுவது அத்தானுடைய பொறுப்பு. அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

உன்னிச்சை_வேளாண்மை | ஏப்ரல் 6

தம்பி ஊருக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உருகிய தண்ணீர் எப்படிப் போனது? மதகு தாங்கியதா?

கொக்கட்டிச்சோலையான் | ஏப்ரல் 7

பங்குனி நடுவில் உருகத் தொடங்கியது, அண்ணன். அதற்கு முதல் வாரமே, நீங்கள் சொல்லி நட்ட கம்பை அடையாளமாக வைத்துத் தோண்டி, மதகின் இரண்டு வாயையும் ஐஸ் உடைத்துத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஆறு நாள் இரவு பகலாக ஓடியது. ஒழுங்கைக்கு மேலால் ஒரு துளியும் வரவில்லை. புல்லுக்குள் வீசப்பட்டிருந்த கிறவலை வாரி மீண்டும் பாதையில் பரப்பினேன். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. இயந்திரத்தின் பெற்றோலை முழுவதும் வடித்து, எண்ணெய் மாற்றி வைத்தேன். ஓரத்துக் கம்புகளை எல்லாம் பிடுங்கிக் கட்டிக் கராஜில் வைத்தாயிற்று. மதகு வாயில் நின்ற கம்பை மட்டும் பிடுங்கவில்லை. அடுத்த ஐப்பசியில் அத்தான் அதிலிருந்து அளந்து மற்றவற்றை நடுவதாகச் சொல்லியிருக்கிறார்.